நிழல்கள் நகைத்தன!

படக் கொட்டகைக்குள் நுழைகிறோம். விளக்கு அணைகிறது. அந்த நொடி முதல் பேசும் உரிமை திரைக்கு. கேட்கும் கடமை நமக்கு! திரையிலே மன்னன் முழங்குவான், தலையசைப்போம். பேய் ஆடும், நடுங்குவோம். அட்டையிலே செய்த அரக்கன் வருவான், அவன் முதுகிலே போட்ட தையல் பளிச்செனத் தெரியும். ஆயினும் அஞ்சியவர்போல் அமர்ந்திருப்போம். காசு கொடுத்தவர் நாம். ஆனால் காசோடு சேர்த்துக் கேள்வி கேட்கும் உரிமையையும் வாயிலிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போகிறோம்.

அமெரிக்க நாட்டின் வடபுலத்தே, மின்னசோட்டா மாநிலத்தில், சின்னஞ்சிறு தொலைக்காட்சி நிலையமொன்றில், 1988ஆம் ஆண்டு சில நிழல்கள் இந்த வழக்கத்தை மீறின. படம் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையின் அடியிலே நாற்காலி வரிசையொன்று கரிய நிழலாகத் தெரிகிறது. அதிலே ஒரு மனிதனின் தலை. பக்கத்திலே பொம்மைகளின் தலை. படம் பேசிற்று, நிழல்களும் பேசின! படம் பொய் சொல்லிற்று, நிழல்கள் நகைத்தன! வீட்டிலே அமர்ந்து பார்த்தவர்களும் சேர்ந்து நகைத்தனர். அந்த நகைப்பின்மீது ஒரு தலைமுறையே காதல் கொண்டது. கடிதம் எழுதிற்று, கட்சி கட்டிற்று, கைப்பணம் கொடுத்தது. அந்தக் காதலின் கதையை இங்கே கூறுகிறோம். அதிலே நாம் கற்கத்தக்கதும் உண்டு, விலக்கத்தக்கதும் உண்டு.

மலிவுச் சரக்கின் மறுபிறவி

தொலைக்காட்சி அமெரிக்க வீடுகளிலே குடியேறிய 1950களில், நிலையங்களுக்கு நாள் முழுதும் காட்டப் பொருள் தேவைப்பட்டது. பட நிறுவனங்களின் கிடங்குகளிலோ பழைய படச் சுருள்கள் தூசு படிந்து கிடந்தன. விற்பவன் இருந்தான், வாங்குபவனும் வந்தான். 1957இல் யூனிவர்சல் நிறுவனத்தின் பழைய பேய்ப் படங்கள் 52, ஒரே கட்டாகத் தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டன. சரக்கு பழையது, அதை அப்படியே காட்டினால் யார் பார்ப்பார்? ஆகவே படத்துக்கு முன்னும் பின்னும் தோன்றிக் கேலி பேச ஒருவரை அமர்த்தினர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் 1954லேயே வாம்பைரா என்ற வேடத்தில் ஒரு நங்கை தோன்றினாள். கிளீவ்லாந்து நகரத்தில் 1963 முதல் கூலார்டி என்ற வேடக்காரர், படத்தின் நடுவிலேயே புகுந்து கூத்தடித்தார்.

பின்னர் மக்களே பேசத் தொடங்கினர். 'ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' என்னும் 1975ஆம் ஆண்டுப் படம், அடுத்த ஆண்டு நியூயார்க்கில் நள்ளிரவுக் காட்சியாக ஓடியபோது, பார்வையாளர் திரையை நோக்கிக் குரல் கொடுக்கலாயினர். 1980இல், மைக்கேல் மெட்வெட், ஹாரி மெட்வெட் என்னும் உடன்பிறந்தார் தம் நூலொன்றில் 'உலகின் மிக மோசமான இயக்குநர்' என்று எட் வுட் என்பவருக்குப் பட்டம் சூட்டினர். நாடு சிரித்தது. ஆனால் பட்டத்தைப் பெற்றுக்கொள்ள எட் வுட் இல்லை. வறுமையிலே வீடிழந்து, 1978 டிசம்பரிலேயே அவர் மறைந்துவிட்டார்! சிரிப்புக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு என்பதை இப்போதே குறித்துக்கொள்வோம்; அதனிடம் மீண்டும் வருவோம்.

மின்னியாபொலிஸ் நகரத்துப் பொம்மைகள்

மின்னியாபொலிஸ் நகரத்தின் கே.டி.எம்.ஏ. என்னும் 23ஆம் அலைவரிசை நிலையம், பெரும் நிலையங்களின் முன்னே பிச்சைக்காரன். அதன் தயாரிப்பு மேலாளர் ஜிம் மாலனிடம், ஜோயல் ஹாட்ஜ்சன் என்னும் மேடை நகைச்சுவைக் கலைஞர் ஒரு திட்டத்தோடு வந்தார். கதை எளியது. கொடிய அறிவியலார் இருவர், தம் தொழிலாளி ஒருவனை வானிலே சுற்றும் கலத்தில் அடைத்து, உலகின் மட்டமான படங்களை எல்லாம் பார்க்கச் சொல்லி வதைக்கின்றனர். தனிமை தாளாத அவன், பேச்சுத் துணைக்கு இயந்திர மனிதர்களைச் செய்துகொள்கிறான். மூவரும் உட்கார்ந்து படத்தைப் பார்த்துப் பேசுகின்றனர். அவ்வளவே!

அந்தப் பொம்மைகள் செய்யப்பட்ட விதத்தைக் கேளுங்கள். டாம் செர்வோ என்பவனின் தலை, மிட்டாய் உருண்டை போடும் குடுவை. க்ரோ என்பவனின் கண், மேசைப்பந்து. கோடிக்கணக்கில் கொட்டிப் பொய்யைப் பளபளப்பாக்கும் தொழிலை நகையாடப் புறப்பட்டவர்களிடம் இருந்த படைக்கலம், வீட்டு மூலையிலே கிடந்த பொருள்கள். டிரேஸ் போலியூவும் ஜோஷ் வைன்ஸ்டைனும் பொம்மைகளுக்குக் குரல் தந்தனர். 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' என்று பெயரிட்டு, 1988 நவம்பர் 24 அன்று, அமெரிக்கர் நன்றி நவிலும் நாளாகக் கொண்டாடும் திருநாளில், முதற்காட்சியை ஒளிபரப்பினர்.

தெருக்கூத்திலே கட்டியங்காரனை அறிந்த நமக்கு இது புதிதன்று. அரசன் வேடம் ஆர்ப்பரிக்கும்போது பக்கத்திலே நின்று, அவன் வீறாப்பைக் குத்திக் காட்டி, கூட்டத்தின் சார்பிலே பேசுபவன் அவன். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அப்படியொரு கட்டியங்காரன் கிடைத்தான்.

நிலையத்தார் ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்து, பார்ப்போர் தம் கருத்தைப் பதிவு செய்யலாம் என்றனர். அழைப்புகள் வந்தன. ஏசியவர் இருந்தனர், நெஞ்சாரப் புகழ்ந்தவரும் இருந்தனர். அவற்றுட் சிலவற்றை ஒளிபரப்பிலேயே போட்டுக் காட்டினர். பார்ப்பவன் பேசினான், பேசியது திரையேறியது! காதலின் முதல் முடிச்சு அங்கேதான் விழுந்தது.

"நாடாக்கள் கைமாறட்டும்!"

1989இல் அந்த நிலையம் கடனில் மூழ்கித் திவாலாயிற்று. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் தொடங்கிய 'காமெடி சானல்' என்னும் கம்பிவடத் தொலைக்காட்சி, நிழல்களை ஏற்றுக்கொண்டது. 1991இல் அந்நிறுவனம் வேறொன்றோடு இணைந்து 'காமெடி சென்ட்ரல்' ஆயிற்று. நிழல்கள் நாடெங்கும் தெரிந்தன. எனினும் கலைஞர்கள் நியூயார்க்குக்கோ ஹாலிவுட்டுக்கோ குடிபெயரவில்லை. மின்னசோட்டாவிலேயே, ஈடன் ப்ரேரி என்னும் ஊரிலே கூடம் அமைத்து, ஒரு படத்தைப் பலமுறை போட்டுப் பார்த்து, நூற்றுக்கணக்கான நகைச்சொற்களை எழுதித் தொகுத்தனர்.

நாடு முழுதும் எல்லார் வீட்டிலும் கம்பிவடம் இல்லை. அந்தப் பழைய படங்களைக் காட்டும் உரிமையோ குறித்த காலத்துக்கே வாங்கப்பட்டது. ஆகவே பல காட்சிகளை விற்பனைக்கு வெளியிடவும் வழியில்லை. என் செய்வது? காட்சியின் இறுதியில் பெயர்கள் ஓடும்போது, தொடக்க ஆண்டுகளில் ஒரு வரியும் ஓடிற்று: நாடாக்களைக் கைமாற்றிக்கொண்டே இருங்கள் என்பது அதன் பொருள். வீட்டுக் கருவியில் பதிந்த நாடா, நண்பனுக்குப் போயிற்று. அவனிடமிருந்து அயலூருக்குப் போயிற்று. வணிகம் எட்டாத இடத்தை நட்பு எட்டிற்று. கே.டி.எம்.ஏ. காலத்துப் பழங்காட்சிகள் பல பிற்காலத்தார்க்குக் கிடைத்தது, யாரோ ஒருவர் தம் வீட்டிலே பதிந்து வைத்த நாடாவினால்தான்.

சிறுவர் எழுதிய கடிதங்களையும் கோணல்மாணலாய் வரைந்த படங்களையும் ஹாட்ஜ்சன் திரையிலே காட்டிப் படித்தார். 1991 முதல் நன்றி நாள்தோறும் இடைவிடாத தொடர்காட்சி நடந்தது. 1993ஆம் ஆண்டுக்கான பீபாடி விருது, குடுவைத் தலையனுக்கும் அவன் கூட்டத்துக்கும் கிடைத்தது. 1994 செப்டம்பரில் ரசிகர்கள் மின்னியாபொலிசில் மாநாடே கூட்டினர்.

எதைக் கண்டு சிரித்தனர்?

பகுத்தறிவாளர் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். சிரித்தார்கள், சரி, எதைக் கண்டு?

1994ஆம் ஆண்டுக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒரு குறும்படம். 1950இல் எடுக்கப்பட்டது, மாணவர்க்கு ஒழுக்கம் கற்பிக்க வந்தது. குடும்பம் இரவு உணவுக்கு அமர்கிறது. மகன் படிக்கிறான், மகள் சமையலறையில் தாய்க்கு உதவுகிறாள். ஆடவர்முன் களைப்பின்றி, கவர்ச்சியாகத் தோன்றுவது பெண்டிர் அவர்களுக்குப் பட்ட கடன் என்று இனிய குரலொன்று போதிக்கிறது. நாள் முழுதும் உழைத்தவள் ஆடை மாற்றி, முகம் திருத்தி, புன்னகை பூண்டு நிற்கவேண்டும்! உணவு மேசையிலே மனக்குறை பேசலாகாது. தந்தையின் அமைதி கெடலாகாது. இதுதான் அன்று வகுப்பறையிலே ஏற்றப்பட்ட பாடம். பாடம் என்பதால் யாரும் சிரிக்கவில்லை, பணிவோடு பார்த்தனர். நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து நிழல்கள் சிரித்தன. அந்தப் புன்னகைக் குடும்பம் உள்ளூர நடுங்கிக்கொண்டிருப்பதாகவே அவை பேசின. அரை நூற்றாண்டுக் கட்டுரைகள் செய்யத்தக்கதைப் பத்து நிமிட நகைப்பு செய்தது.

அதே காட்சியில் அடுத்து வந்தது, 'இன்வேஷன் யூ.எஸ்.ஏ.' என்னும் 1952ஆம் ஆண்டுப் படம். நியூயார்க் மதுக்கடையிலே சிலர் பேசிக்கொண்டிருக்கின்றனர். ஒருவன் வரி மிகுதி என்கிறான். உழுவண்டி செய்யும் ஆலை முதலாளி, தன் ஆலையில் பீரங்கி வண்டி செய்ய முடியாது என்கிறான். உடனே படையெடுப்பு! குண்டு வீழ்கிறது, நகரம் எரிகிறது. பகைவனின் பெயரைப் படம் சொல்லாது. சோவியத்து நாடு என்பது சிறுவனுக்கும் புரியும். இறுதியில் பார்த்தால் எல்லாம் மயக்கம்! ஒருவன் மதுக் கிண்ணத்தை ஆட்டி அனைவரையும் மயக்கித் தோற்றுவித்த கனவு. விழித்தவர்கள் பாடம் கற்கிறார்கள். கேள்வி கேட்டவன் வாய் மூடுகிறான், ஆயுதம் செய்ய ஓடுகிறான். அச்சத்தை ஊட்டிக் கேள்வியைக் கொல்லும் கலைக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ? அந்த மயக்கத்தைக் கலைக்க நகைப்பைவிட நல்ல மருந்து உண்டோ?

இங்கே நிழல்களின் நகைப்பு அறத்தின் பக்கம் நின்றது. வலியவன் போதனையை, வணிகன் பொய்யை, போர்வெறியன் புளுகை அது கிழித்தது. அதற்காக அதைப் போற்றுகிறோம்.

ஆனால் கதை இத்தோடு முடியவில்லை.

உரம் விற்றவரின் படம்

டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோ நகரத்தில், உரம் விற்கும் தொழில் செய்தவர் ஹரால்டு வாரன். யாரும் ஒரு பேய்ப்படம் எடுத்துவிடலாம் என்று திரைக்கதை ஆசிரியர் ஒருவரிடம் பந்தயம் கட்டியவர், தாமே எழுதி, இயக்கி, நடித்தார். 'மானோஸ்: த ஹாண்ட்ஸ் ஆஃப் ஃபேட்' என்பது படத்தின் பெயர். மானோஸ் என்பது ஸ்பானிய மொழியில் கைகள். ஆகவே தலைப்பே 'கைகள்: விதியின் கைகள்' என்று இரட்டிக்கிறது! செலவு 19,000 டாலர் அளவில். படக்கருவியோ ஒருமுறை முடுக்கினால் 32 நொடிகளே ஓடும். ஒலி பிறகு சேர்க்கப்பட்டது; சிலரே பலருக்கும் குரல் கொடுத்தனர். 1966 நவம்பரில் உள்ளூரிலே திரையிட்டபோது மக்கள் சிரித்தனர். பணியாளன் டார்கோவாக நடித்த ஜான் ரெனால்ட்ஸ், படம் திரைக்கு வருமுன்பே இளம் வயதில் இறந்துவிட்டார். சிறுமியாக நடித்தவள், தன் வாயிலிருந்து வேறொரு குரல் வருவதைக் கேட்டுக் கொட்டகையிலேயே அழுதாள்.

மறந்துபோன அந்தப் படத்தை 1993 சனவரியில் நிழல்கள் தேடியெடுத்துக் காட்டின. நாடே நகைத்தது. அன்று முதல், மட்டமான படம் என்றால் மானோஸ் என்றாயிற்று.

நம் தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்தார். அது பிறக்கும் களன்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக வகுத்தார். ஆண்டவன் குரலில் ஆணையிடும் போதனைப் படத்தை நகைப்பது எள்ளல். வலியோனை எள்ளுவதில் வீரம் உண்டு. மானோஸ் படத்தை நகைப்பது பேதைமை கண்டு பிறந்த நகை. தொழில் அறியாதவன், பணம் இல்லாதவன், ஆசை மட்டும் உடையவன் தடுக்கி விழுகிறான். அதைக் கண்டு சிரிக்கிறோம். அதில் என்ன வீரம்? எட் வுட் விழுந்ததைக் கண்டு நகைத்தவர் அவர் வயிற்றை நினைத்தனரா?

சிரிக்கவே கூடாது என்று கூறவில்லை. திறமையின்மைக்கு ஏழ்மை மன்னிப்புச் சீட்டன்று. ஆனால் ஒரு வேறுபாட்டை உணரவேண்டும். பொய் சொல்லி ஆளவந்த படம் ஒன்று. கனவு கண்டு கவிழ்ந்த படம் மற்றொன்று. முன்னதை நகைக்கும்போது நாம் கூர்மையடைகிறோம். பின்னதை நகைக்கும்போது நாம் உயர்ந்தவர் என்ற மயக்கம் நமக்கு வந்துவிடக்கூடும்.

ரசிகர் சிலர் இதை உணர்ந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். 2011இல் மானோஸ் படத்தின் மூலச் சுருளைக் கண்டெடுத்த இளைஞர் ஒருவர், ரசிகர் பொருளுதவியோடு அதைப் பழுது நீக்கிப் புதுப்பித்தார். கொட்டகையிலே அழுத சிறுமி, வளர்ந்து, அந்தப் படத்தோடு தாம் வாழ்ந்த கதையை நூலாக எழுதி, ரசிகர் நடுவே மகிழ்ந்து நின்றார். சிரித்தவர்களே காப்பாற்றவும் செய்தனர். எள்ளலில் தொடங்கியது பரிவிலே முடிந்தது.

நகைத்தவர் கட்டிய கோயில்

இனி, விலக்கத்தக்கதற்கு வருவோம்.

1990இல் செர்வோ பொம்மைக்குக் குரல் தந்த வைன்ஸ்டைன் விலகினார். கெவின் மர்ஃபி வந்தார். பொம்மை அதே பொம்மை. குரல் மட்டும் புதிது. ஒரு ரசிகர், புதிய குரலை வெறுப்பதாக ஆறடி நீளத்துக்கு எழுதி அனுப்பினார்! 1993இல் ஹாட்ஜ்சனே விலகினார். தலைமை எழுத்தாளராக இருந்த மைக்கேல் நெல்சன் அந்த நாற்காலியில் அமர்ந்தார். உடனே இரண்டு கட்சி! ஜோயலே மெய் என்றது ஒன்று. மைக்கே மேல் என்றது மற்றொன்று. அப்போது பரவிக்கொண்டிருந்த கணினிவழிக் கடிதக் குழுக்களில் ஆண்டுக்கணக்கில் வசைமாரி பொழிந்தது. திரையைப் பார்த்து 'ஏன்?' என்று கேட்கக் கற்றுக்கொடுத்த காட்சியின் அடியார்கள், தம் தலைவரைப் பற்றி 'ஏன்?' என்று கேட்டவனை ஏசினர். பிறர் சிலையை உடைத்த உளியாலேயே தமக்கொரு சிலை செதுக்கிக்கொண்டனர்!

மடன் என்பதற்கு, பிறர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல் என்று உரையாசிரியர் பொருள் சொல்வர். இதுவன்றோ அது? நகைக்கு இடமாகும் நான்கனுள் ஒன்று, நகைப்போரிடமே வந்து குடிகொண்டது.

மர்ஃபி என்ன செய்தார்? அந்த ஆறடி வசையைத் தம் பணிமனைச் சுவரிலே தொங்கவிட்டார்! நிழல்கள் கேலி செய்த படமொன்றில் நடித்த ஆடம் வெஸ்ட் என்ன செய்தார்? 1994இன் நன்றி நாள் தொடர்காட்சியைத் தாமே முன்னின்று நடத்தினார்! தான் பிறரை எள்ளி நகுவதும் எள்ளல். பிறர் தன்னை எள்ளத் தான் நகுவதும் எள்ளல் என்று இரண்டாகப் பிரித்தார் பேராசிரியர். முதலாவது எளிது, எல்லார்க்கும் வரும். இரண்டாவதே அரிது. பகுத்தறிவுக்கு அதுவே உரைகல்.

கூடிய கைகள்

1996இல் காமெடி சென்ட்ரல் காட்சியை நிறுத்திற்று. ரசிகர் அழுது ஓயவில்லை, கடிதங்களாகக் குவித்தனர். 1997இல் சை-ஃபை சானல் நிழல்களுக்கு இடம் தந்தது. 1999இல் அதுவும் நிறுத்திற்று. ரசிகர் மீண்டும் எழுதினர். பணம் திரட்டி, 'டெய்லி வெரைட்டி' ஏட்டிலே முழுப்பக்க விளம்பரம் கொடுத்தனர். அம்முறை முதலாளிகளின் செவி திறக்கவில்லை. நிழல்கள் மறைந்தன.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. 2015 நவம்பரில், பொதுமக்களிடம் பொருள் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் என்னும் இணையக் களத்தில் ஹாட்ஜ்சன் கையேந்தினார். 20 இலட்சம் டாலர் கேட்டார். 48,270 பேர் சேர்ந்து 57,64,229 டாலர் கொடுத்தனர்! அக்களத்திலே திரைப்படம், ஒளிப்படக் காட்சி ஆகியவற்றுக்கு அதுவரை திரண்ட தொகைகளில் இதுவே மிகப்பெரிது. 2017 ஏப்ரலில் நெட்பிளிக்ஸ் வழியே, ஜோனா ரே என்னும் புதியவரோடு நிழல்கள் மீண்டன. இரண்டு பருவங்களுக்குப் பின் நெட்பிளிக்சும் கைவிட்டது. 2021இல் மக்கள் மீண்டும் 65 இலட்சம் டாலருக்குமேல் தந்தனர். 2022இல் காட்சியினர் தமக்கெனச் சொந்த இணைய அரங்கமே அமைத்தனர். 2023இன் இறுதியில் அடுத்த பருவத்துக்காகக் கேட்டபோது, குறித்த தொகை திரளவில்லை.

வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு. ஆனால் ஒன்று தெளிவு. நிறுவனங்கள் மாறி மாறி அணைத்த விளக்கை, மாறி மாறி ஏற்றியவர்கள் பார்வையாளர்கள். நாடாவைக் கைமாற்றியவனும், கோணல் படம் வரைந்து அனுப்பிய சிறுவனும், சில டாலர்களை அனுப்பியவனும் சேர்ந்து ஒரு சிரிப்பைக் காத்தனர்.

தோழர்களே! விளக்கு அணைந்த கொட்டகைகள் உலகிலே பல. மேடையும் அப்படியொரு கொட்டகை, ஏடும் அப்படியொரு கொட்டகை, கையிலே ஏந்தும் சிறு திரையும் அப்படியொரு கொட்டகை. எங்கெங்கு ஒருவர் பேசப் பலர் வாய்மூடி இருக்கின்றனரோ, அங்கெல்லாம் ஒரு நாற்காலி நமக்காகக் காத்திருக்கிறது. அதிலே அமருங்கள். பொய்யைக் கண்டால் உரக்க நகையுங்கள். நகைக்குமுன், விழுந்தவன் வலியவனா எளியவனா என்று ஒருமுறை உற்றுப் பாருங்கள். நகைத்த பின், நம் முதுகிலும் தையல் தெரிகிறதா என்று திரும்பிப் பாருங்கள்.

சிரிக்கத் தெரிந்த கூட்டத்தை ஏமாற்றுவது கடினம். தன்னைப் பார்த்தும் சிரிக்கத் தெரிந்த கூட்டத்தை ஏமாற்றுவது அதனினும் கடினம்!